இரண்டாவது வரிசையில் நின்ற கார்

நிபோங் திபால்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா ஹமீதாவுக்கு, தம்பி ஹைதர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் ஷஹீதாவும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் கொடுத்துவிட்டு வந்த தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

இந்த வயதில் என்னைக் கடிதம் எழுத வைத்துவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை வீடு வந்து சேர்ந்ததும் கூப்பிட்டேன், உங்கள் போன் அடைத்துக் கிடந்தது. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், எல்லா நாளும் அதே கதைதான். தனியாக இருக்கிற மனுஷி, என்ன ஏது என்று தெரியாமல் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. கிடைத்ததும் பதில் போடுங்கள்.

பெருநாளுக்கு உங்கள் கையால் சாப்பிட்டது மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அந்த ஊர் இருக்கிறதே! திரும்பி வரும்போது பாலத்தில் ஒன்றரை மணி நேரம். தீவுக்குள் போகிறவனிடம் டோல் வாங்குகிறார்கள், வெளியே வருகிறவனிடம் வாங்குவதில்லை. உள்ளே போய் மாட்டிக்கொள்ளப் போகிறவனிடம் முதலிலேயே கறந்துவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் உங்கள் ஃப்ளாட்டில் கார் நிறுத்துகிற வழக்கம். கோட்டுக்குள் இடம் இல்லையென்றால் நிற்கிற கார்களை மறித்து இரண்டாவது வரிசையில் குறுக்கே நிறுத்த வேண்டுமாம். ஃப்ரீ கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். வெளியே போகிறவன் என் காரைத் தள்ளிவிட்டுப் போவானாம்! முப்பத்திரண்டு வருஷம் செம்பனைத் தோட்டத்தில் குலை லாரி ஓட்டியவன் நான். நீங்கள் சொன்னீர்களே என்று செய்தேன். என் போன் எப்போதும் ஊமையாகக் கிடக்கிறது என்று சொல்லி உங்கள் நம்பரையே எழுதி வைக்கச் சொன்னீர்கள், அதையும் செய்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் வைத்த இடத்தில் கார் இல்லை, நாலு முழம் தள்ளி நிற்கிறது. எவன் கை வைத்தான், எங்கே கை வைத்தான், யாருக்குத் தெரியும்?

நீங்கள் மத்தியானம் காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கியதைப் பார்த்தேன். அந்த இரைச்சலில் வேறு எப்படித் தூங்குவது! இங்கே வந்துவிடுங்கள் அக்கா. வீட்டுப் பக்கத்தில் இடம் கிடக்கிறது. ஒரு அறையும் குளியலறையும் கட்டிவிடலாம். ஃப்ளாட்டை விற்றுவிடுங்கள். ஷஹீதாவும் அதையேதான் சொல்கிறாள்.

ஸலாமுடன்,
தம்பி ஹைதர்


ஜெலுத்தோங், பினாங்கு
17 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி ஹைதருக்கு, வ அலைக்குமுஸ் ஸலாம்.

தைலத்தைத் தேய்க்கிறேன். முழங்கால் அப்படியே இருக்கிறது, தைலத்தின் நாற்றம்தான் வீடு முழுக்க இருக்கிறது. ஷஹீதாவின் சர்க்கரை எப்படி? பெருநாள் பலகாரத்தை எல்லாம் அவளே தீர்த்திருப்பாளே.

போன் கெட்டுப்போய்விட்டது. இப்போதைக்குச் சரி செய்கிற எண்ணம் இல்லை. போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம், கடிதத்தில் நீ முடித்த பிறகுதான் நான் ஆரம்பிக்க முடியும். எனக்கு இது வசதி. ஆகவே எழுது.

டோல் விஷயத்துக்கு வருகிறேன். தீவை விட்டுப் போவதற்குக் கட்டணம் கிடையாது என்கிறாய். ஃபெரியிலும் அப்படித்தான், அக்கரை பட்டர்வொர்த்தில் ஏறும்போதுதான் காசு. சும்மா போகலாம் என்று கதவைத் திறந்து வைத்தும் இத்தனை லட்சம் பேர் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்களே, அதை யோசித்தாயா?

உன் மச்சான் மௌத்தானபோது எனக்கு நாற்பத்தொரு வயது. இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாள் முடிந்த மறுவாரம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் நாற்பது பொம்பளைகள். ஒருத்தியும் என்னை ஐயோ பாவம் என்று பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். உங்கள் ஊரில் இருந்திருந்தால் நான் கட்டுகிற சேலையின் நிறத்தைத் தெருவே பேசியிருக்கும். அந்த ஃபேக்டரி மெஷின் என் காதைத் தின்றது உண்மை. அதே ஃபேக்டரி சம்பளத்தில்தான் என் பிள்ளை ஃபரா படித்தாள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உன் காரை யாரோ தள்ளியது பற்றி எழுதியிருக்கிறாய். எங்களுக்கு அது பழகிவிட்டது.

ஏழாவது மாடி சந்திரிகாவின் வீட்டுக்காரர் சிவநேசன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். துஆ செய்.

அக்கா ஹமீதா


நிபோங் திபால்
28 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஷஹீதாவின் சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன், இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அதுவும் ஒரு வகையில் நிம்மதி.

சிவநேசனுக்கு என்ன ஆயிற்று? நான் வந்தபோது நன்றாகத்தானே இருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் லிப்டில் சந்தித்தோம், நான் கொண்டு வந்த செம்படாக் பழத்தில் பாதியை அவருக்குக் கொடுக்கச் சொன்னீர்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவதாகச் சொன்னார். கல்லுமாதிரி ஆள். அவருக்கே இந்த நிலைமையா? அது சந்திரிகாதானே, உங்கள் பழைய ஃபேக்டரித் தோழி, மாதா மாதம் காது மிஷினுக்கு பேட்டரி வாங்கிவந்து போட்டுக் கொடுக்கிறவர்? விவரமாக எழுதுங்கள்.

நீங்கள் சாமர்த்தியமாகப் பேசுகிறீர்கள். ஆனால் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. லிப்ட் கெட்டுப்போனால் ஒன்பது மாடியை இந்த முழங்காலோடு எப்படி ஏறுவீர்கள்? ஃபரா சிங்கப்பூரில். உங்களுக்கு ஒன்று என்றால் யார் வருவார்கள்? இங்கே நான் தும்மினால் நாலு வீட்டில் கேட்கிறார்கள்.

அறைக்கு அளவு எடுத்துவிட்டேன். ஜன்னல் கிழக்கே வைக்கவா, தெற்கே வைக்கவா?

தம்பி ஹைதர்


ஜெலுத்தோங்
12 மே 2025

தம்பி ஹைதருக்கு அக்காவின் ஸலாம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க துஆ.

கேட்டதால் எழுதுகிறேன். சிவநேசனுக்கு ஸ்ட்ரோக். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறுகிறது. கிரேன் வேலை முடிந்தது.

பெருநாள் விடுமுறையில் ஒரு மத்தியானம். சாப்பிட்டு எழுந்தவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சந்திரிகாவும், கீழ்மாடியில் புதிதாகக் குடிவந்த கமால் என்ற பையனும் அவரைக் கைத்தாங்கலாகக் கார் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். அவர்கள் கார் கோட்டுக்குள் நின்றது. இரண்டாவது வரிசையில் ஒரு கார் மறித்து நின்றது. கமால் தள்ளிப் பார்த்தான், நகரவில்லை. ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தது. கண்ணாடியில் இருந்த நம்பருக்கு அடித்தான். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தான்.

வேறு காரில் போயிருக்கலாமே என்று கேட்பாய். அந்த ஒரு கார் மூன்று கார்களை மறித்திருந்தது, மற்ற கார்கள் பூட்டிக் கிடந்தன, சொந்தக்காரர்கள் யாரும் கீழே இல்லை. கிராப் வாடகைக் கார் கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. கடைசியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அந்தக் காரின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி நகர்த்தி வைத்தார்கள். சீனக் கிழவர் ஒருவர், பங்களாதேஷ் பையன்கள் மூன்று பேர், கமால், இன்னும் யார் யாரோ. அரை மணி நேரம் ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால், என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாராம்.

சந்திரிகா இப்போது மேலே வருவதில்லை. அவளுக்கு எங்கே நேரம்?

ஜன்னலைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அக்கா ஹமீதா


நிபோங் திபால்
20 மே 2025

அக்காவுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதத்தை வாசித்து எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நலம் விசாரிக்கக்கூட மனசு இல்லை, மன்னியுங்கள்.

எவன் அவன்? இரண்டாவது வரிசையில் நிறுத்திவிட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போனவன் மனுஷனா? வெளியூர்க்காரன் நான், எனக்கே நீங்கள் ஒரு தடவை சொன்னதும் விளங்கிற்று. அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு விளங்காதா? அதைவிடப் பெரிய அநியாயம், நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போனை எடுக்காதது. அந்த நம்பருக்குச் சொந்தக்காரன் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டிருப்பான். கீழே ஒரு குடும்பத்தின் கை ஒடிந்துகொண்டிருந்தது, இவனுக்குத் தூக்கம்! என் கையில் கிடைத்தால் அவனை நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன்.

கமாலிடம் அந்த நம்பர் இருக்குமே. யார் என்று கண்டுபிடித்தார்களா? கேட்டு எழுதுங்கள். இதைச் சும்மா விடக்கூடாது.

இப்போது சொல்லுங்கள் அக்கா, இதுதானே உங்கள் பெரிய ஊர்? பஸ்ஸில் இடம் கொடுத்தார்கள், பரிதாபப்படவில்லை என்று பெருமையாக எழுதினீர்கள். பரிதாபப்படத் தெரியாதவர்களின் ஊர் என்று நான் சொல்கிறேன். இங்கே என்றால் காரின் முகத்தைப் பார்த்தே வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டியிருப்பார்கள். உங்கள் ஊரில் கார் இன்னாருடையது என்று ஒருவனுக்கும் தெரியாது. அந்த ஆள் இன்றைக்கும் அதே லிப்டில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருப்பான், சந்திரிகாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

தம்பி ஹைதர்


ஜெலுத்தோங்
9 ஜூலை 2025

தம்பி ஹைதருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்தும் சொல்லவில்லை. சுகமாக இருக்கிறேன். ஷஹீதாவைக் கேட்டதாகச் சொல்.

நீ சொன்னதுதான் சரி. நான் அங்கே வந்துவிடுகிறேன். வீடு விற்கிற ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன், இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஜன்னலை உன் இஷ்டப்படி வை. போவதற்குத்தான் கட்டணம் இல்லையே.

அக்கா


நிபோங் திபால்
15 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் சுகமாக இருக்கிறேன் என்று எழுதியதை நான் நம்பவில்லை.

கடிதம் வந்ததும் ஷஹீதா சந்தோஷத்தில் பக்கத்து வீடு வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். நானும் சிமெண்டுக்குச் சொல்லலாம் என்று சட்டையை மாட்டினேன். வாசலில் செருப்பைப் போடும்போது எனக்கு யோசனை வந்தது. ஐம்பத்தெட்டு வருஷமாக உங்களுக்குத் தம்பியாக இருக்கிறேன். இந்த ஐம்பத்தெட்டு வருஷத்தில் நீங்கள் ஒரு வாக்குவாதத்தில்கூட என்னிடம் தோற்றதில்லை. தப்பு உங்கள் பக்கம் இருந்தாலும் தோற்றதில்லை. வாப்பா நம் இருவரையும் அடித்தபோதுகூட, அடி வாங்கிக்கொண்டே நீங்கள் பேசி ஜெயித்தீர்கள். இப்போது ஒரு பக்கக் கடிதத்தில் 'நீ சொன்னதுதான் சரி' என்று எழுதுகிறீர்கள்.

நான் சட்டையைக் கழற்றிவிட்டேன்.

உடம்புக்கு ஏதாவதா? ஃபரா ஏதாவது சொன்னாளா? சந்திரிகா வீட்டோடு மனஸ்தாபமா? இரண்டு மாதம் நீங்கள் எழுதாமல் இருந்தது எதற்கு? நான் போன கடிதத்தில் கொஞ்சம் சத்தமாகத்தான் எழுதிவிட்டேன், அது உங்கள் மேல் வந்த கோபம் இல்லை.

காரணத்தைச் சொல்லுங்கள். சொல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்கமாட்டேன்.

தம்பி ஹைதர்


ஜெலுத்தோங்
2 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி ஹைதருக்கு, அக்கா ஹமீதாவின் ஸலாம்.

இதை உட்கார்ந்து வாசி. ஷஹீதாவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.

அந்த மத்தியானம் வேறு எந்த மத்தியானமும் இல்லை. நீ இங்கே இருந்த வெள்ளிக்கிழமை. நீ ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, பசிக்கிறது என்று அவசரமாகக் காரை நிறுத்திவிட்டு மேலே ஓடி வந்தாய். பிரியாணி சாப்பிட்டோம். நீ ஹாலில் ஃபேனுக்கு அடியில் படுத்தாய். நான் காது மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு போனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் படுத்தேன்.

மறித்து நின்றது பச்சை நிறச் சாகா கார். உன்னுடையது.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. முதல் நாள் நான் கூடவே நின்று சொன்னேன், சரியாகத்தான் விட்டாய். இரண்டாம் நாள் நான் கூட இல்லை.

அஸருக்கு எழுந்து தொழுதுவிட்டு நீ கிளம்பினாய். அதற்குள் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள், கீழே யாரும் இல்லை. கார் இடம் மாறி நின்றது உனக்குப் புதிதாகத் தெரிந்திருக்காது. நீ போன பிறகுதான் போனை எடுத்துப் பார்த்தேன். தெரியாத நம்பரிலிருந்து பதினோரு அழைப்பு. யாரோ விற்பனைக்காரர் என்று நினைத்தேன். கீழே இறங்கிக் கடைக்குப் போனபோது சொன்னார்கள். பச்சைக் கார் என்றார்கள். என் கையில் போன் இருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை ஹைதர். கமால் அதற்கப்புறமும் நாலு தடவை அடித்தான். அதனால்தான் போனை அடைத்துப் போட்டேன். கெட்டுப்போகவில்லை, நான் பொய் எழுதினேன். நம்பருக்குச் சொந்தக்காரன் யார் என்று கேட்டாயே, அது நான். நீ எழுதியது ஒவ்வொன்றும் சரி. அதே லிப்டில்தான் ஏறி இறங்குகிறேன், சந்திரிகாவைப் பார்த்துச் சிரிக்கத்தான் முடியவில்லை.

அவள் மணி அடிப்பதில்லை. ஆனால் மாதம் பிறந்தால் என் கிரில் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்குகிறது, உள்ளே காது மிஷின் பேட்டரி. இந்த ஊரை வேண்டாம் என்று நான் போகவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் போகிறேன்.

இதை உன்னிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். நீ கேட்டாய்.

அக்கா


நிபோங் திபால்
19 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

இரண்டரை மாதம் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. சில தடவை கிழித்தும் போட்டேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. நான் அப்படிச் செய்திருக்கவே முடியாது என்று நினைத்தேன். வாசலுக்குப் போய்க் காரில் உட்கார்ந்தேன். கேட் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சினை அடைப்பதற்கு முன்னாலேயே அது போய் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டது. நான் இழுக்கவில்லை அக்கா. கை இழுத்தது. மேட்டில் குலை லாரியை நிறுத்தினால் முதல் வேலை அதுதான், முப்பத்திரண்டு வருஷம். அன்றைக்கு உங்கள் ஊரிலிருந்து கிளம்பும்போது அதுவாகவே இறக்கியிருக்கும். எனக்கு எப்படித் தெரியும்? அதற்கப்புறம் பல நாள் காரையே எடுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஊருக்கு வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் பட்டர்வொர்த் வந்து ஃபெரியில் ஏறினேன். நேராக ஏழாவது மாடிக்குப் போனேன். சந்திரிகா கிரில் கதவைத் திறக்காமலே நின்றார். கதவுக்கு வெளியே நின்றே சொன்னேன். அந்தக் கார் என்னுடையது, பிரேக்கை இழுத்தது நான், நம்பர் அக்காவுடையது, அக்கா அப்போது காதில் மிஷின் இல்லாமல் தூங்கினார், என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியும்லா அண்ணே. கமால் நம்பர் அடிக்கும்போதே தெரியும். அக்கா நம்பர் எனக்கு மனப்பாடம். யாரையாச்சும் ஒம்பதாவது மாடிக்கு ஓடச் சொல்லியிருக்கலாம். ஓடிப் போய்க் கதவத் தட்டியிருந்தா அஞ்சு நிமிஷத்துல நீங்க சாவியோட கீழ வந்திருப்பீங்க. எனக்குத் தோணவே இல்ல. இவரு தலைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திட்டேன். அத நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. கமால்கிட்ட அந்த நம்பர அழிச்சிருன்னு நாந்தான் சொன்னேன்."

அவரே தொடர்ந்தார்.

"அக்கா வந்து சொன்னாங்கன்னா நானும் சொல்லலாம்னு இருந்தேன். அவங்க என்னடான்னா வீட்ட விக்கிறாங்க. கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன். நிறைய இருக்கு. உங்க மேலயும் இருக்கு. ஆனா அவங்கள போகச் சொல்லாதீங்க அண்ணே. போயிட்டாங்கன்னா நான் யார் மேல கோவப்படுறது?"

அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தார். சிவநேசன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். வாய் குழறினாலும் விளங்கிற்று.

"லாரியா ஓட்டினீங்க?"

ஆமாம் என்றேன்.

"கிரேனும்... அப்படித்தான். நிப்பாட்டுனா... பிரேக்."

"நீங்க சும்மா இருங்க, அவருக்குப் பரிஞ்சு பேச வேணாம்," என்று சந்திரிகா அவரை அதட்டினார்.

வியாழக்கிழமைகளில் அவரைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, கிராப் காரில் ஏற்றி இறக்கப் படாத பாடு படுகிறேன் என்றார் சந்திரிகா. நான் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். "ஒம்பது மணிக்கு வந்திரணும். லேட்டா வந்தா கத்துவேன்" என்றார்.

உங்கள் வீட்டுக்கு வராமல் திரும்பிவிட்டேன். நான் சொல்லிவிட்டதால் உங்கள் வேலை முடிந்தது என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக்கூடாது. இரண்டு மாடி இறங்க வேண்டியது நீங்கள்தான்.

உங்கள் ஊர் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. திரும்பும்போது ஃபெரியில் காசு கேட்கவில்லை. அதுவும் என்னவோபோல் இருந்தது.

அறைக்கு எடுத்த அளவுத்தாளை மடித்து வைத்திருக்கிறேன். கிழிக்கவில்லை. உங்கள் முடிவு.

தம்பி ஹைதர்


ஜெலுத்தோங்
14 நவம்பர் 2025

அன்புத் தம்பி ஹைதருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்றுத்தான் பார்த்தோம், இன்றைக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். நீ சுகமாகப் போய்ச் சேர்ந்ததும், ஷஹீதாவின் சர்க்கரை இறங்கியிருப்பதும் நீ சொல்லியே தெரியும். போனைத் திறந்துவிட்டேனே. ஆனால் இது போனில் சொல்கிற விஷயம் இல்லை.

உன் கடிதம் வந்து மூன்று நாள் நான் லிப்டில் ஏழாம் நம்பரை அழுத்துவதும், கதவு திறந்தால் இறங்காமல் கீழே போவதுமாக இருந்தேன். நாலாவது நாள் லிப்ட் நின்றுவிட்டது. படியில் இறங்கினேன். ஏழாவது மாடி வந்ததும் முழங்கால் அதற்குமேல் வரமாட்டேன் என்றது. மணி அடித்தேன். சந்திரிகா திறந்து, "ரெண்டு மாடி இறங்கி வர ஏழு மாசமா அக்கா?" என்றாள். நான் அழுதேன். அவளும்தான். அப்புறம் என்னைத் திட்டினாள், நன்றாகவே திட்டினாள். காது மிஷினைக் கழற்றிவிடலாமா என்றிருந்தது, கழற்றவில்லை. ஒன்றும் பழையபடி ஆகிவிடவில்லை. இப்போதும் சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பேட்டரியை மட்டும் உள்ளே வந்து கொடுக்கிறாள்.

வீடு விற்பனைக்கு இல்லை என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன். அவனுக்கு என் மேல் வருத்தம். அந்த அளவுத்தாளை வைத்துக்கொள், ஷஹீதாவுக்குக் கோழிக்கூடு கட்ட உதவும்.

இனி நேற்று நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கோட்டுக்குள் இடம் இல்லை. நீ இரண்டாவது வரிசையில் நிறுத்தினாய். ஒன்பதாவது மாடி நடைவழியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காரை விட்டு இறங்கினாய், திரும்பக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தாய், பூட்டினாய், மறுபடியும் கண்ணாடி வழியாகப் பார்த்தாய். அப்புறம் என் வீட்டுக்கு வர லிப்டுக்குள் போய்விட்டாய். அதனால் மீதியை நீ பார்க்கவில்லை.

சிவநேசன் வெயிலில் கொஞ்சம் நிற்கிறேன் என்று சந்திரிகாவோடு கீழேயே நின்றுவிட்டார். நீ போன பிறகு ஊன்றுகோலை அவளிடம் கொடுத்தார். காரின் பின்பக்கம் போனார். இடது கையை டிக்கியில் வைத்தார். அப்புறம் அந்தக் கையாலேயே வலது கையை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுபடியும் இடது கையை ஊன்றினார். சந்திரிகா தடுக்கவில்லை.

இன்னும் உன்னை நம்பாமல் தள்ளிப் பார்த்தாரா, டாக்டர் சொன்ன பயிற்சி என்று தள்ளினாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கப் போவதில்லை, நீயும் கேட்காதே.

தள்ளினார். கார் நகர்ந்தது.

அக்கா ஹமீதா